பூசணிக்காய்க் கலவரம்

என் வீட்டுக்காரர் ஒரு காலத்தில் உலகத்துப் போராட்டங்களுக்கெல்லாம் நீதிபதியாக இருந்தார். சம்பளம் கிடையாது. யாங்கோனின் அலோன் துறைமுகத்துக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போகும் முன், தேநீர்க்கடையின் குட்டை முக்காலியில் உட்கார்ந்து, கைப்பேசியைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "இது போராட்டம்", "இது கலவரம்" என்று தீர்ப்புச் சொல்லுவார். கிட்டங்கியில் அவருக்கு மேஸ்திரி வேலை. வந்து இறங்கும் மூட்டைகளில் அரிசியை ஒரு பக்கம், பருப்பை ஒரு பக்கம் அடுக்கச் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் மனிதர்களையும் அடுக்கிவிடுவார்.

வெளிநாட்டில் கறுப்பின மக்கள் நியாயம் கேட்டுத் தெருவில் இறங்கியிருந்த சமயம் அது. எங்கோ நடந்ததற்கு யாங்கோனில் முகநூல் கொதித்தது. ஒரு கடைக் கண்ணாடி உடைகிற படம் வந்தால் போதும், என் வீட்டுக்காரர் எழுந்தே நின்றுவிடுவார்.

"பாத்தியா, பாத்தியா! கேக்குறது நாயமா இருந்தா எதுக்கு ஒடைக்கணும்?"

கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் பர்மியத்தில் பதில் கொடுப்பாள். அவளுக்குத் தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் சண்டை போடப் பர்மியம்தான் வசதி. "ஊர் முழுக்க ஜனங்க சும்மா நடந்து போனாங்களே அப்பா, அதை ஏன் யாரும் உங்களுக்கு அனுப்பலை?" என்று கேட்பாள். நான் வீட்டிலேயே சின்னப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறவள். ஏழாம் வாய்ப்பாட்டுக்கு நடுவே இந்த வழக்கு நடக்கும். பிள்ளைகள் வாய்ப்பாட்டை விட்டுவிட்டு வழக்கைக் கவனிப்பார்கள். இரண்டு பேரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திய நாட்கள் உண்டு.

இந்த லட்சணத்தில்தான் எங்களுக்கு வீடு தேட வேண்டிய நிலை வந்தது. நாங்கள் குடியிருந்த பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் பெரிதாக ஒன்று எழுப்பப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். மழைக்காலம் முடிவதற்குள் காலி செய்ய வேண்டும். என் டியூஷன் பிள்ளைகள் எல்லாரும் இந்தப் பேட்டைப் பிள்ளைகள். என் வீட்டுக்காரரின் கிட்டங்கி இங்கே இருக்கிறது. பேட்டையை விட்டு ஊர்க்கோடியில் இருக்கும் ஷ்வேப்யிதா பக்கம் போனால் வாடகை குறையும், ஆனால் என் வருமானமும் அதோடு போய்விடும். ஆகவே இங்கேயே, நடக்கிற தூரத்தில் ஒரு வீடு வேண்டும்.

அந்த வீட்டை நான் முதலில் பார்த்தது தற்செயலாக. என்னிடம் படிக்கிற ஒரு பெண்ணின் குடும்பம் அங்கிருந்து காலி செய்துகொண்டிருந்தது. புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்கப் போனவள், சமையலறைக்குள் ஒரு நிமிடம் நின்றேன். மூன்றாம் மாடி. ஜன்னலைத் திறந்தால் ஆற்றுக் காற்று முகத்தில் வந்து விழுந்தது. தகரக் கூரைகளுக்கு மேலே படகுகள் போவது தெரிந்தது. ஆயுசில் பாதியை இருட்டுச் சமையலறையில் கழித்தவளுக்குத்தான் அந்த ஜன்னலின் அருமை தெரியும். அங்கே நின்று வெங்காயம் நறுக்கினால் கண்கூட எரியாது என்று தோன்றியது. நான் அந்த வீட்டின் மேல் ஆசை வைத்துவிட்டேன்.

அன்றே தரகருக்குத் தொலைபேசியில் பேசினேன். பேச்சு வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. ஆசிரியை என்றதும் அவருக்கு ஏக மரியாதை. "வாங்க சயாமா, சாவி தயாரா இருக்கு" என்றார். பர்மியத்தில் ஆசிரியைக்கு சயாமா என்றுதான் சொல்வார்கள். நான் குடையை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவருடைய சின்ன அலுவலகம். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. என் பின்னால் வேறு யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். வாடகைக்கு இருக்கும் வீடுகளின் விவரம் அதில் எழுதியிருந்தது. நான் ஆசைப்பட்ட வீட்டுக்கு நேரே, "காற்றோட்டம் உண்டு, தண்ணீர் உண்டு" என்று கறுப்பிலும், "கலா கூடாது" என்று சிவப்பிலும் இருந்தது.

கலா என்றால் நாங்கள்தான். இந்தியாவிலிருந்து வந்தவர்களின் வழியில் பிறந்த, நிறம் கொஞ்சம் தூக்கலான எல்லாரும். சொல்கிற வாயைப் பொறுத்து அது செல்லமாகவும் இருக்கும், செருப்பாகவும் இருக்கும். பலகையில் சிவப்பு மசியில் எழுதினால் அது எது என்று யோசிக்க வேண்டியதில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், நாற்காலிக்கும் கடலைப் பருப்புக்கும் பர்மியத்தில் எங்கள் பெயரைத்தான் ஒட்டிவைத்திருக்கிறார்கள். உட்கார நாங்கள் வேண்டும், சாப்பிடவும் நாங்கள் வேண்டும். குடியிருக்க மட்டும் கூடாது.

"போன்ல நீங்க கலான்னு சொல்லவே இல்லையே, சயாமா" என்றார் தரகர், ஏமாந்து போனவர் மாதிரி.

"நீங்களும் பர்மாக்காரர்னு சொல்லலையே, அக்கோ" என்றேன். அக்கோ என்றால் அண்ணன்.

அவர் நெளிந்தார். தான் எழுதியதல்ல, மேல்மாடியில் இருக்கும் வீட்டுக்காரம்மா சொல்லி எழுதியது என்றார். மசாலா வாசனை சுவரில் ஏறிக்கொள்ளுமாம். "அப்ப ஙப்பி கொதிக்கிறப்போ சுவர் மூக்கைப் பொத்திக்குதா?" என்று கேட்டேன். ஊறவைத்த மீன் விழுதான ஙப்பியின் மணம் தெருக்கோடி வரை போகும் என்பது யாங்கோனில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். தரகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாலும் சாவியை மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார்.

நான் வீட்டுக்கு வந்து, அரிசி களைகிற சாக்கில் பாத்திரங்களை உருட்டினேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும். விஷயம் தெரிந்ததும் என் மகள், "நாம் போய் அந்தப் பலகைக்கு முன்னால் நிற்போம்" என்றாள். நாலு பேர் தெருவில் சேர்ந்து நிற்பது ராணுவ ஆட்சி வந்துவிட்ட இன்றைக்கு மாதிரி வினையாகிப் போகாத காலம் அது.

என் வீட்டுக்காரர் தயங்குவார் என்று நினைத்தேன். அவரோ நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சட்டம் போட ஆரம்பித்தார். கத்தக்கூடாது. வழியை மறிக்கக்கூடாது. எந்தப் பொருளையும் தொடக்கூடாது. தரகரையோ வீட்டுக்காரம்மாவையோ ஒரு வார்த்தை தப்பாகப் பேசக்கூடாது. "போராட்டம்னா எப்பிடி இருக்கணும்னு இந்த ஊருக்கு நாம காட்டணும்" என்றார். நீதிபதியே களத்தில் இறங்குகிறார் என்று மகளுக்கு ஒரே சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மழை விட்டிருந்த நேரமாகப் பார்த்துப் போனோம். எங்கள் கட்டடத்து ஆட்கள் சிலர், கிட்டங்கி நண்பர்கள் சிலர். கூடவே குடைக்கடை பாயின் மனைவி. அவர்களும் தமிழர்கள்தான், கடற்கரை ஊர் வழி. பிள்ளைகளோடு கடைக்குப் பின்னால் ஒரே அறையில் முட்டிக்கொண்டு குடியிருந்தார்கள். இதே பலகை அவர்களையும் ஒரு முறை திருப்பி அனுப்பியிருந்தது. "எங்க வூட்டுல கடைய வுட்டுட்டு வர மாட்டாங்க. நீ போயி எல்லாத்தையும் படம் புடிச்சிட்டு வான்னாங்க" என்று சொல்லி, வந்ததிலிருந்து கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றாள்.

அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம். என் வீட்டுக்காரர் நடந்து நடந்து வரிசையைச் சரி செய்தார், அரிசி மூட்டை பிசகியிருந்தால் செய்வது போலவே. தரகர் வாசலில் வந்து நின்று என்ன செய்வதென்று தெரியாமல் எங்களோடு சேர்ந்து வெயில் காய்ந்தார். அவர் நின்றதைப் பார்த்தால் அவரும் போராட வந்தவர் போலத்தான் இருந்தது.

எங்கள் ஊர் அடுக்குமாடிகளில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலிருந்தும் தெரு வரை ஒரு கயிறு தொங்கும். நுனியில் ஒரு கிளிப்பும், மேலே ஒரு மணியும் இருக்கும். கீரைக்காரியோ பேப்பர்காரரோ பொருளைக் கிளிப்பில் மாட்டி கயிற்றை ஆட்டினால், மேலே மணி அடிக்கும், மேலே இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். என் மகள் திடீரென்று வரிசையை விட்டுப் போய், வீட்டுக்காரம்மாவின் கயிற்றில் தன் அட்டையை மாட்டிவிட்டு மணியை அடித்தாள். "நாங்களும் இந்தப் பேட்டையில் பிறந்தவர்கள்தான். எங்களுக்கும் வீடு கொடுங்கள்" என்று அழகான பர்மிய எழுத்தில் எழுதிய அட்டை.

கீரை என்று நினைத்திருக்க வேண்டும், அந்த அம்மா கடகடவென்று இழுத்துவிட்டார். மேலே, கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து அப்பிய ஒரு வயதான முகம் எட்டிப் பார்த்தது. அட்டையைப் படித்தது. எங்களைப் பார்த்தது. மறுபடி அட்டையைப் பார்த்தது. அதற்குள் தெருவின் இரு பக்கத்து மாடிகளிலும் தலைகள் முளைத்துவிட்டன. அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அட்டை திரும்பி வரவில்லை.

இவ்வளவுதான் எங்கள் போராட்டம். ஒரு சத்தமில்லை, ஒரு தள்ளுமுள்ளு இல்லை. இத்தோடு கலைந்து வீட்டுக்குப் போயிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஆனால் என் வீட்டுக்காரர் மேலே நிமிர்ந்து, முளைத்திருந்த தலைகளை எல்லாம் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "யப்பா, எத்தனை கண்ணு!" என்று முணுமுணுத்தார். எனக்கு விஷயம் புரிவதற்குள், அவர் கையிலிருந்த கூடையிலிருந்து ஒரு வெண்பூசணிக்காய் வெளியே வந்துவிட்டது. அதை எப்போது வாங்கினார், எங்கே ஒளித்தார் என்பது இன்று வரை தெரியாது. மேலே துளை போட்டு, உள்ளே குங்குமமும் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து, தயாராகவே கொண்டுவந்திருந்தார். கிட்டங்கிக்குப் புது லாரி வந்தாலும் இவர்தான் சுற்றிப் போடுவார். மகள் ஊர் முன்னால் நின்றால் விடுவாரா?

கற்பூரத்தை ஏற்றி மகளைச் சுற்றினார். என்னைச் சுற்றினார். வரிசையில் நின்ற எல்லாரையும் சுற்றினார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். மனுஷருக்கு மனசு பெரிது. "பாவம், இவரும்தானே நம்மகூட வெயில்ல நின்னாரு" என்று சொல்லிக்கொண்டு, தீ எரிகிற காயோடு தரகரிடம் போய், அவர் முகத்துக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினார்.

தரகர் பாதி தமிழ்ப் படம்கூடப் பார்க்காதவர் போலும். என் வீட்டுக்காரரோ ஆஜானுபாகு, மீசை வேறு, கையில் நெருப்பு. தரகர் "அமலே!" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். பயந்தால் பர்மாக்காரர்களுக்கு வாயில் வருவது அம்மாதான், எங்களுக்கு வருவது போலவே. என் வீட்டுக்காரர் காயைத் தலைக்கு மேலே தூக்கி, அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்து, ஓங்கித் தரையில் போட்டார். சிதறிய சிவப்பு, தெருவில், படியில், தரகரின் செருப்பில், அவர் கட்டியிருந்த லோன்ஜியின் கரையில், எல்லா இடத்திலும்.

பிறகு எங்கள் வழக்கப்படி, யாரும் வழுக்கி விழக்கூடாது என்று துண்டுகளைப் பொறுக்கினோம், தெருவைக் கூட்டினோம், தரகரின் படியைத் தேய்த்துக் கழுவினோம். திருப்தியாக வீட்டுக்குப் போனோம்.

அன்று சாயங்காலமே எதிர் மாடியிலிருந்து யாரோ பிடித்த படம் முகநூலில் ஓடியது. நெருப்புச் சுற்றுவதில் ஆரம்பித்து, காய் உடைந்து சிவப்பு தெறிப்பதோடு சரி, முடிந்துவிட்டது. "கலாக்கள் கலவரம். தரகர் மேல் தீ" என்று தலைப்பு. தெறித்தது குங்குமம் என்று யாருக்குத் தெரியும்? பார்க்கிறவர்களுக்கு அது ரத்தம்.

மறுநாள் தேநீர்க்கடையில், தம் வழக்கமான முக்காலியில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரர் தம்மையே பார்த்தார். பக்கத்து மேசையிலிருந்த ஒருவர், ஆள் யாரென்று தெரியாமல், அதே படத்தைத் தம் நண்பருக்குக் காட்டி, "கேட்கிறது நியாயமா இருந்தா எதுக்கு உடைக்கணும்?" என்றாராம். என் வீட்டுக்காரர் தேநீரைக் குடிக்காமலே வந்துவிட்டார். வீட்டில் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மகளுக்கு அப்பாவைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் குளியலறைக்குப் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பேட்டையில் ஒரு தரகர்கூட என் தொலைபேசியை எடுக்கவில்லை. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீடாகக் காலியாகிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு ஆசைப்பட்டு கதவே இல்லாமல் போய்விடுவோமோ என்று உண்மையிலேயே பயந்தேன்.

பேட்டை அலுவலகத்திலிருந்து கூப்பிட்டு விட்டார்கள். பேட்டைத் தலைவர் வாய் நிறைய வெற்றிலையோடு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தரகர். இன்னொரு பக்கம் தனக்கா கலையாமல் வீட்டுக்காரம்மா. நாங்கள் இருவர். குடைக்கடைப் பெண்ணைச் சாட்சிக்கு அழைத்துப் போயிருந்தோம்.

"இது கலவரமா, இல்லையா? எனக்கு அது தெரியணும்" என்றார் தலைவர்.

தரகர், தீ தம் மூக்குக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தது என்று விரலால் காட்டினார். நேரம் ஆக ஆக அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து, திருஷ்டி என்றால் என்ன, தரகரின் நன்மைக்காகத்தான் சுற்றினேன் என்று விளக்கினார். பர்மியத்தில் திருஷ்டிக்கு வார்த்தை கிடைக்காமல், "கண்ணில் இருந்து விஷம் வருமே, அது" என்று அவர் சொன்னதும் தலைவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டார்.

குடைக்கடைப் பெண் அப்போதுதான் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். ஆரம்பத்திலிருந்து கடைசி வரை அவள் பிடித்து, தன் வீட்டுக்காரருக்கு மட்டும் காட்டியிருந்த படம். நாங்கள் வரிசையாக நிற்பது வந்தது. மணி அடிப்பது வந்தது. தீ வந்தது, காய் உடைந்தது. படம் நிற்கவில்லை. என் வீட்டுக்காரர் லோன்ஜியைத் தூக்கிச் செருகிக்கொண்டு படியைத் தேய்க்கிறார். பக்கத்தில் தரகர் இடுப்பில் கைவைத்து நின்று, "அந்த மூலையில கொஞ்சம் விட்டுட்டீங்க" என்று காட்டுகிறார். என் வீட்டுக்காரர் அந்த மூலையையும் தேய்க்கிறார். தரகர் உள்ளே போய்ச் சோப்புத்தூள் கொண்டுவந்து கொடுக்கிறார்.

தலைவர் சிரித்த சிரிப்பில் வெற்றிலைச் சாறு சட்டையில் வழிந்தது. இப்போது சிவப்பு அவர்மேலும் இருந்தது. தரகரும் சிரித்துவிட்டார். வீட்டுக்காரம்மா மட்டும் சிரிக்காமல் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சது. இது கலவரம் இல்லை. கலவரம் செய்யறவன் படி கழுவ மாட்டான்" என்றார் தலைவர்.

எல்லாரும் எழுந்தார்கள். நான் மட்டும் எழுந்திருக்கவில்லை. அந்த மூலையைத் தேய்க்காமல் வந்திருந்தால் நாங்கள் கலவரக்காரர்களா? சோப்புத்தூளில்தானா இருக்கிறது எங்கள் நியாயம்?

"கொஞ்சம் உட்காருங்க" என்றேன். பிள்ளைகளிடம் பேசுகிற குரல் தானாக வந்துவிட்டது. தலைவர் உட்பட எல்லாரும் உட்கார்ந்தார்கள். "உடைஞ்ச பூசணிக்காயை எல்லாரும் பார்த்தாச்சு. நெருப்பைப் பார்த்தாச்சு, படியைப் பார்த்தாச்சு. நாங்க எதுக்குப் போய் நின்னோமோ, அந்தப் பலகையை இன்னும் ஒருத்தரும் பார்க்கலையே?"

பிறகு வீட்டுக்காரம்மா பேசினார். தணிந்த குரல்தான். "நான்தான் எழுதச் சொன்னேன். முந்தி ஒரு கலா குடும்பம் வாடகை கொடுக்காம போயிட்டாங்க. அதுலேருந்து வேண்டாம்னு இருந்தேன். நீங்க அப்படி இல்லை. உங்க பொண்ணு எழுத்து எவ்வளவு அழகு! நீங்க நல்ல கலா. வீட்டை உங்களுக்கே தர்றேன். நாளைக்கே வந்துடுங்க."

என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். என் முகமும் மலர்ந்திருக்கும். ஆற்றுக் காற்று அந்த அறைக்குள்ளேயே வந்துவிட்டது போலிருந்தது. ஆனால் பக்கத்தில் குடைக்கடைப் பெண் தன் கைப்பேசியை எடுத்து மெதுவாக முந்தானையில் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளை அந்த அம்மா ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"பலகையில அந்த வரி, ஆண்ட்டி?"

"அது இருக்கட்டுமே. அது மத்தவங்களுக்கு."

"அப்ப வேண்டாம். அந்த வரிக்குப் பக்கத்துல நான் குடியிருக்க முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. வீட்டுக்காரம்மா, தம் காதில் விழுந்தது சரிதானா என்பது போல என்னைப் பார்த்தார். பிறகு குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எங்கள் வாசலுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர், "கையில குடுத்த வீட்ட வேணாங்குற ஆள் இந்த ரங்கூன்லயே நீ ஒருத்திதான்" என்றார். நான் பாத்திரங்களை உருட்டவில்லை. சமையலறையில் உட்கார்ந்து அழுதேன். கொள்கைக்காக அழவில்லை, அந்த ஜன்னலுக்காகத்தான் அழுதேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "சரி விடு, நாயம் உன் பக்கந்தான்" என்றார். அவர் எனக்குச் சாதகமாகச் சொன்ன முதல் தீர்ப்பு.

கடைசியில் பேட்டையின் பின்சந்தில் ஒரு கீழ்த்தள வீடு கிடைத்தது. லாரி போனால் பாத்திரம் தானே உருளும், எனக்குக் கோபம் வர வேண்டிய அவசியமில்லை. பெருமழை பெய்தால் வாசல்படி வரை தண்ணீர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சமையலறை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், கைநீட்டினால் தொடலாம். டியூஷன் பிள்ளைகள் மட்டும் ஒருவர் விடாமல் வந்துவிட்டார்கள்.

முன்பணம் கொடுத்துச் சாமான்களை இறக்கி முடித்த வேளையில், குடைக்கடைப் பெண் ஒரு பெட்டி இனிப்போடு வந்தாள். உட்காரவே மாட்டேன் என்றாள். கண்ணைப் பார்த்துப் பேச மாட்டேன் என்றாள்.

"அக்கா, அந்தம்மா கீழ எறங்கி வந்து, ஈரத்துணியால அவங்களே பலகைய தொடச்சாங்களாம். எத்தனையோ பேர திருப்பி அனுப்புனேன், என் வூட்ட வேணாம்னு சொன்னது அந்த சயாமா ஒருத்திதான், தூக்கமே வரலன்னு தரகர்ட்ட சொன்னாங்களாம். எங்க வூட்டுல கேள்விப்பட்டதும் ஓடிப்போய்க் கேட்டுட்டாங்க. குடுத்துட்டாங்கக்கா. நீங்க வேற வீடு பாத்துட்டீங்கன்னு தெரிஞ்ச பொறவுதான் கேட்டோம்."

எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. நான் நின்று, நான் மறுத்து, என் ஜன்னலில் இன்னொருத்தி வெங்காயம் நறுக்கப் போகிறாள். அவள் இனிப்புப் பெட்டியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டே நின்றாள், நான் வாங்கிக்கொள்வேனா என்று தெரியாமல். அந்த முகத்தைப் பார்த்ததும் எரிச்சல் எங்கே போனதென்று தெரியவில்லை. பெட்டியை வாங்கி, முதல் துண்டை அவள் வாயில் திணித்தேன். அவள் அழுதுகொண்டே மென்றாள். நான் சிரித்துக்கொண்டே திட்டினேன்.

அவர்கள் குடிபோன பிறகு ஒரு நாள் எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போன உடனே சமையலறைக்குள் நுழைந்து ஜன்னலைத் திறந்தேன். அதே காற்று. "நறுக்குறதுக்கு ஏதாச்சும் குடு" என்று கேட்டு வாங்கி, அங்கே நின்று வெங்காயம் நறுக்கினேன். கண் எரியத்தான் செய்தது. கூடத்தில் யாரோ அந்த வெளிநாட்டுப் போராட்டத்தைப் பற்றி என் வீட்டுக்காரரிடம் கேட்டார்கள். "துண்டுப் படத்தை வச்சு நான் இப்பல்லாம் சொல்றதில்ல. முழுசா இருந்தா காட்டுங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று அவர் சொன்னது காதில் விழுந்தது. என் மகள் அன்று முதல் தட்டை அப்பாவுக்கு வைத்தாள்.

நாங்கள் சாப்பிட உட்காரும் சமயம் கதவு தட்டும் சத்தம் கேட்டது. மேல்மாடி வீட்டுக்காரம்மா நின்றுகொண்டிருந்தார். தனக்கா புதிதாகப் பூசியிருந்தது. இரண்டு கையிலும் அணைத்தபடி ஒரு பெரிய வெண்பூசணிக்காய். என் வீட்டுக்காரரைப் பார்த்து, "இந்த வீட்டுமேலயும் நிறையப் பேர் கண்ணு பட்டிருக்கும். நீங்க வர்றீங்கன்னு தெரிஞ்சுது" என்றார். குடைக்கடைக் குடும்பத்துக்கு அந்த வழக்கமே கிடையாது. பாய் என் வீட்டுக்காரரைப் பார்த்தார், அவர் என்னைப் பார்த்தார்.

"உடைச்சது போதும் ஆண்ட்டி, கூட்டு வைக்கலாம்" என்றேன்.

காயைக் கொடுத்துவிட்டும் அந்த அம்மா போகவில்லை. உள்ளே கொதிக்கும் மசாலா வாசனை அவர் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு, வாசல் கோட்டுக்கு இந்தப் பக்கம் கால் வைக்காமல், தம் சொந்த வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னையும் குடைக்கடைப் பெண்ணையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் உள்ளே வரலாமா?" என்று கேட்டார்.

குடைக்கடைப் பெண் ஓடிப்போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.